மதிற்சுவர் மாஸ்களை இனங்காணல்

மழை ஓய்ந்தபின் போத்தனூரின் பழைய மதில்களில் படரும் பசுமை முழுவதையும் பாசி என்றே அழைப்பது வழக்கமாயினும், அதில் தண்டும், பெரும்பாலும் ஒரு செல் தடிப்பேயுள்ள இலைகளும் கொண்டு, பூக்காமல் வித்துகளால் பெருகும் மாஸ் என்னும் தனித் தாவரவகையும் அடங்கும்.

களத்தில் இவற்றைப் பிரித்தறிய 10 மடங்கு பெருக்கும் கைலென்சும் சிறிது நீரும் தேவை. இவ்விரண்டில் நீரே அதிகம் கற்பிக்கிறது எனலாம், ஏனெனில் ஹயோஃபிலா இன்வொலூட்டா என்னும் சுவர் மாஸின் இலைகள் காயும்போது விளிம்புகள் உட்சுருண்டு கருகியவைபோலக் கிடந்து, நனைந்ததும் விரைவில் விரிந்து பசுமையுறுகின்றன. பிரையம் அர்ஜென்டியமோ, இலைநுனிகளில் பச்சையம் இல்லாமையால், நனையாத நிலையில் வெள்ளிபோல் மினுங்குகிறது.

அடுத்து நோக்கவேண்டியது காப்சூல் எனப்படும் வித்துப்பை: ஹயோஃபிலாவில் அது நிமிர்ந்து நிற்பதோடு, மூடி உதிர்ந்த வாய்விளிம்பில் பெரிஸ்டோம் என்னும் பல்வரிசை இல்லாதிருக்க, பிரையத்தில் அது தலைகவிழ்ந்து தொங்கி, இரட்டைப் பல்வரிசை பெற்றிருக்கிறது.

பல சிற்றினங்களை நுண்ணோக்கியின்றி உறுதிசெய்ய இயலாது. ஆகவே, நகமளவு மட்டும் எடுத்துத் தாளுறையில் உலர்த்தி, இடம், நாள், வளர்ந்த பரப்பு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். எஞ்சியதைச் சுரண்டாது விடுங்கள்.