டீப் ஃப்ரீஸருக்குள் ஒரு தவம்!

அமெரிக்காவில் சில வீடுகளில் கார் ஷெட்டைத் திறந்தால் கார் இருக்காது. ஓரமாக ஒரு டீப் ஃப்ரீஸர் உறுமிக்கொண்டிருக்கும். ஐஸ்கிரீம் கடையில் மேல்மூடியைத் தூக்கி எடுத்துத் தருவார்களே, அதே பெட்டிதான். உள்ளே ஐஸ்கிரீமும் இல்லை, கோழியும் இல்லை. ஒரு பெரிய ஜாடியில் 19 லிட்டர் பீர், இரண்டு மாசமாக மௌன விரதம்! வீட்டுக்காரர் தினம் ஒரு தடவை வந்து டிகிரியைப் பார்ப்பார். ஏக்கத்தோடு மூடியைத் தடவிவிட்டுப் போய்விடுவார்.

'பீருக்கு இத்தனை பாடா?' என்கிறீர்களா? இது லாகர் சார்!

பீரில் முக்கியமாக இரண்டு ரகம். ஏல், லாகர். வித்தியாசம் ஈஸ்ட்டில் இருக்கிறது. ஏல் ஈஸ்ட் 20 டிகிரியில் சுறுசுறுப்பாக வேலையை முடிக்கும். இரண்டு மூன்று வாரத்தில் டம்ளரை நீட்டலாம். லாகர் ஈஸ்ட் அரசாங்க ஆபீஸ் மாதிரி. 10 டிகிரி குளிரில் மெதுவாகத்தான் ஃபைலை நகர்த்தும். சித்திரையில் இட்லி மாவு ஒரே ராத்திரியில் பொங்கி வழிகிறது, மார்கழியில் அசையாமல் கிடக்கிறது இல்லையா? அதே கணக்குதான். சூட்டில் பொங்கினால் பீரில் பழ வாசனை ஏறும். ஏலுக்கு அது அழகு. லாகருக்கு அது குற்றம்!

ஜெர்மன் பாஷையில் 'லாகர்ன்' என்றால் சேமித்து வைப்பது. பவேரியாவில் கோடையில் காய்ச்சிய பீர் அடிக்கடி கெட்டுப்போனது. 1553-ல் ஆணை வந்தது: செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் காய்ச்சலாம்! அப்போ கோடைக்கு என்ன செய்வது? குளிர்காலத்திலேயே காய்ச்சி, நிலவறையில் வைத்தார்கள். உறைந்த குளத்தை வெட்டி ஐஸைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். மேலே வெயில் படாமலிருக்க செஸ்ட்நட் மரம் நட்டார்கள். நிழல் இருந்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? அங்கேயே பெஞ்சு போட்டுக் குடிக்க ஆரம்பித்தார்கள். ஊருக்குள் இருந்த கடைக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். 1812-ல் ராஜா நடுவில் புகுந்தார்: பீர் விற்கலாம், சாப்பாடு போடக் கூடாது! ஜனங்கள் கட்டுச்சோற்றோடு வந்தார்கள். இன்றைக்கும் மியூனிக் பீர் தோட்டங்களில் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுபோய்ச் சாப்பிடலாம்.

ஐஸ் வெட்டி மாளவில்லை. 1870-களில் மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலை முதலாளி கேப்ரியல் செடல்மயர், கார்ல் வான் லிண்டே என்ற இன்ஜினீயரிங் பேராசிரியரைப் பிடித்தார். லிண்டேயின் குளிர் மெஷின் அந்த ஆலையில்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது. பீர் கெடக் கூடாதே என்று வளர்ந்த அந்த மெஷினின் தூரத்துச் சொந்தம்தான், உங்கள் வீட்டில் தயிரும் கொத்தமல்லியும் காக்கிற ஃப்ரிட்ஜ்!

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்ச 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்டார். விற்கக் கூடாது, இரண்டு பெரியவர்கள் இருக்கிற வீட்டில் வருஷத்துக்கு 200 காலன் வரை காய்ச்சிக்கொள்ளலாம். ஆனால் நிலவறைக்கு எங்கே போவது? ஃப்ரிட்ஜ் திரும்பவும் பீருக்கே வந்து சேர்ந்தது!

டீப் ஃப்ரீஸர் மைனஸ் 18-க்குப் போகிற சாமான். அப்படியே விட்டால் பீர் கல்லாகிவிடும். அதனால் நடுவில் ஒரு கன்ட்ரோலர். அதன் பிளக்கைச் சுவரில் சொருகி, ஃப்ரீஸரைக் கன்ட்ரோலரில் சொருகுகிறார்கள். அதன் வெப்ப உணரியைக் காற்றில் தொங்கவிடாமல் ஜாடியின் மேலேயே ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோம் சுற்றுகிறார்கள். காரணம், பொங்கும்போது பீர் தானே சூடாகும். பெட்டிக் காற்று 10 டிகிரி காட்டும், பீர் 13-ல் இருக்கும்! ஒரு டிகிரி ஏறினால்தான் ஓட வேண்டும், நின்றால் சில நிமிஷம் கழித்துத்தான் மறுபடி ஓட வேண்டும் என்றும் செட் செய்கிறார்கள். இல்லாவிட்டால் கம்ப்ரெஸருக்கு ஆயுசு குறைவு.

பொங்கல் முடிகிற சமயத்தில் இரண்டு மூன்று நாள் 16 டிகிரிக்கு ஏற்றுவார்கள். இல்லாவிட்டால் பீரில் வெண்ணெய் வாசனை தங்கிவிடும். ஈஸ்ட் வைத்த வாசனையை ஈஸ்ட்டே தின்று தீர்க்கட்டும் என்று விடுகிறார்கள். பிறகு தினம் ஒன்றிரண்டு டிகிரியாக இறக்கி, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நாலு முதல் எட்டு வாரம் நிறுத்துவார்கள். ஆல்கஹால் இருப்பதால் பூஜ்யத்தில் உறையாது. ஈஸ்ட்டும் புரதமும் அடியில் படியும், கந்தக நெடி போகும், பீர் கண்ணாடி மாதிரி தெளியும்.

வில்லன்களும் உண்டு. குளிர்ந்த ஜாடி உள்ளே காற்றை இழுக்கும். வாயில் இருக்கும் ஏர்லாக் தண்ணீரும் கூடவே உள்ளே போகும். பெட்டிச் சுவரில் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். பொங்குகிற சமயத்தில் கரியமில வாயு பெட்டிக்குள் தேங்கி நிற்கும். தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்ப்பது ஆபத்து!

எல்லோருக்கும் பெரிய வில்லன் அவசரம்தான். 'ருசி மட்டும் பார்க்கிறேன்' என்று மூன்றாம் வாரம் ஒரு டம்ளர், நாலாம் வாரம் நண்பருக்கு ஒரு டம்ளர்... பீர் பக்குவமாகிற நாளில் ஜாடி காலி! மெஷின் குளிரைத்தான் தரும். பொறுமையை நாம்தான் தர வேண்டும்.

நம்மூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: 1937-ம் வருஷ மதுவிலக்குச் சட்டப்படி, தமிழ்நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். படித்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லாகருக்கு ஆசைப்பட்டு லாக்கப்பில் தவமிருக்க வேண்டாம்!