சின்ன ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி, கனவு கார்டியாலஜி: என் தம்பியோடு போட்ட கணக்கு



நம்ம சேனல்ல வழக்கமா எஸ்.ஐ.பி., வருமான வரி, வீட்டுக் கடன்னுதான் பேசுவோம். இன்னைக்கு கொஞ்சம் வேற விஷயம். ஆனா இதுவும் கணக்குதான்.

என் சித்தப்பா பையன் அமெரிக்காவில் டாக்டர். ரெண்டு வருஷம் முன்னாடி, டிசம்பர் மாசம் ஒரு ராத்திரி பத்தே முக்காலுக்கு போன் பண்ணினான். "அக்கா, கிடைக்கலக்கா." அவ்வளவுதான் சொன்னான். அங்கே மதியம் 12 மணிக்கு கார்டியாலஜி ஃபெலோஷிப் முடிவு வந்திருக்கு. சித்தப்பாவுக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். தம்பியோட பரீட்சைச் செலவுக்காக சித்தி நகையை அடகு வெச்சது இன்னும் மீட்கலை. "பேசாம வேலைக்குப் போயிடவா, இல்ல இன்னொரு தடவை முயற்சி பண்ணவா?" இதுதான் அவன் கேள்வி. அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் எக்ஸெல் ஷீட்டைத் திறந்து உட்கார்ந்தோம்.

முதல்ல அந்த ஊர் முறையைச் சொல்லிடறேன். இங்கே எம்.டி. முடிச்சு நீட் எஸ்.எஸ். எழுதி டி.எம். கார்டியாலஜி சேர்றாங்க. அங்கே மூணு வருஷம் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி, அதுக்கப்புறம் மூணு வருஷம் கார்டியாலஜி ஃபெலோஷிப். ஸ்டென்ட் வைக்கிற இன்டர்வென்ஷனல் வேணும்னா மேலும் ஒரு வருஷம். ஃபெலோஷிப்புக்கு நீட் எஸ்.எஸ். மாதிரி ஒரு நுழைவுத் தேர்வு கிடையாது. விண்ணப்பம், இன்டர்வியூ, அப்புறம் டாக்டரும் ஆஸ்பத்திரியும் தனித்தனியா விருப்பப் பட்டியல் கொடுக்கணும். கம்ப்யூட்டர் ரெண்டையும் பொருத்திப் பார்த்து முடிவு சொல்லும். கார்டியாலஜியில் இடங்கள் ஆயிரத்துக்கும் மேல இருக்கு, ஏறக்குறைய எல்லாமே நிரம்பிடும். விண்ணப்பிக்கிறவங்கள்ல சுமாரா மூணில் ஒருத்தருக்கு இடம் கிடைக்காது.

மதிப்பெண்ணை வெச்சு தன்னை நிரூபிக்கிற வழியும் குறுகிப் போச்சு. யு.எஸ்.எம்.எல்.இ. ஸ்டெப் 1 தேர்வுக்கு 2022 ஜனவரியிலிருந்து பாஸ், ஃபெயில் மட்டும்தான். அதனால பயோடேட்டாவைப் பார்க்கிறவர் கண்ணு முதல்ல போறது 'எந்த ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி?' என்கிற வரிக்கு. பெரிய பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் இருந்தா அங்கேயே ஃபெலோஷிப் இருக்கும், மூணு வருஷமா பார்த்துப் பழகின பையன்னு எடுத்துப்பாங்க. வீட்டுப் பிள்ளைக்கு முதல் பந்தி. என் தம்பி இருந்தது மிட்வெஸ்ட்ல ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரி. அங்கே கார்டியாலஜி ஃபெலோஷிப்பே கிடையாது.

எனக்கு இது புதுசில்லை. நான் ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணினது ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த ஆபீஸ்ல. பெரிய ஃபர்ம் இன்டர்வியூல "இது எங்க இருக்கு?"ன்னு கேட்டாங்க. வேலை தெரியுமான்னு அப்புறம்தான் கேட்டாங்க.

மூணு வருஷம்னு நினைக்காதீங்க

முதல் தடவை தம்பி எங்கே கோட்டை விட்டான்? காலண்டர்லதான். ரெசிடென்சி மூணு வருஷம். ஆனா மூணாவது வருஷம் ஜூலையில் விண்ணப்பம் போயிடணும், டிசம்பர்ல முடிவு. அப்போ கையில் இருக்கிறது முழுசா ரெண்டே வருஷம். முதல் ஆறு மாசம் ராத்திரி டியூட்டியில் கண்ணு சொருகியே போயிடும். கார்டியாலஜி மாநாடுகள்ல ஏ.சி.சி. நடக்கிறது வசந்த காலத்துல, ஆனா அதுக்கான ஆய்வுச் சுருக்கத்தை முந்தின இலையுதிர் காலத்துலேயே அனுப்பணும். ரெண்டாவது வருஷம் செப்டம்பருக்குள்ள கையில் ஒரு ஆய்வு இல்லைன்னா, விண்ணப்பத்துல எழுத ஒண்ணும் இருக்காது. இவன் ஆய்வை ஆரம்பிச்சதே அந்த வருஷம் பிப்ரவரியில்.

"சின்ன ஆஸ்பத்திரிக்கா, ஆய்வுக்கு டேட்டா எங்கே இருக்கு?"ன்னு கேட்டான். இருக்கு. அமெரிக்க அரசு அமைப்பு ஒண்ணு 'நேஷனல் இன்பேஷன்ட் சாம்பிள்'னு ஒரு தொகுப்பு வெளியிடுது. நாடு முழுக்க ஆஸ்பத்திரியில் சேர்ந்தவங்களோட பில்லிங் விவரம், பெயர் அடையாளம் நீக்கினது. கட்டணம் கட்டி, ஒரு ஆன்லைன் பயிற்சி முடிச்சு, பயன்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டா யாரும் வாங்கலாம். பில்லிங் விவரம்னதும் எனக்கே ஆர்வம் வந்துடுச்சு! இதுல ஒரு பொறி இருக்கு. 2015 அக்டோபர்ல அவங்க நோய்க் குறியீட்டு முறை ஐ.சி.டி.-9 லிருந்து ஐ.சி.டி.-10 க்கு மாறிச்சு. அதைக் கவனிக்காம 2012 லிருந்து 2018 வரைக்கும் ஒரே கோடா கிராஃப் போட்டா, நோய் கூடின மாதிரியோ குறைஞ்ச மாதிரியோ தெரியும். மாறினது குறியீடு மட்டும்தான். கம்பெனி நடுவுல டிப்ரிசியேஷன் முறையை மாத்தினதைக் கவனிக்காம லாபத்தை ஒப்பிடுற மாதிரி. இதை இன்டர்வியூல கேட்பாங்க.

கேட்கிறப்ப பதில் சொல்லத் தெரியணும்கிறதுக்காகவே இன்னொண்ணு சொல்றேன். காசு வாங்கிக்கிட்டு ஆய்வுக் கட்டுரையில் பெயர் சேர்க்கிறேன்னு வர்றவங்ககிட்ட போகாதீங்க. காசும் போகும், மானமும் போகும்.

ஆனா ஆய்வை விட முக்கியமானது சிபாரிசுக் கடிதம். ஒரு புரோகிராமுக்கு அதிகபட்சம் நாலு கடிதம்தான் அனுப்ப முடியும். முதல் தடவை தம்பி அனுப்பின நாலும் அவன் ஆஸ்பத்திரிக்குள்ளேயே வாங்கினது. நல்ல பையன், உழைப்பாளின்னு எழுதியிருந்தாங்க. படிக்கிறவருக்கு எழுதினவர் யாருன்னே தெரியாது. ஆடிட் ரிப்போர்ட் மாதிரிதான் இதுவும், கையெழுத்து யாருதுங்கிறதுல பாதி மதிப்பு இருக்கு. ஆஸ்பத்திரிப் பெயர் கை கொடுக்காத இடத்துல, "இவனை நான் பார்த்திருக்கேன், எடுத்துக்கோங்க"ன்னு சொல்ற ஒரு தெரிஞ்ச ஆள்தான் கை கொடுப்பார். அந்த ஆளைச் சம்பாதிக்க ஒரே வழி, பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாசம் எலெக்டிவ் போய் அவர் கண்ணு முன்னாடி வேலை பார்க்கிறது. அந்த ஒரு மாச வாடகையைச் செலவுன்னு எழுதாதீங்க, முதலீட்டுக் கணக்குல எழுதுங்க.

இப்போ பணக் கணக்கு

முழு எண்ணாவே போடுவோம். ரெசிடென்சி முடிச்சு ஹாஸ்பிட்டலிஸ்டா சேர்ந்தா வருஷம் சுமார் 3 லட்சம் டாலர். ஃபெலோவா இருந்தா சுமார் 75,000. கார்டியாலஜிஸ்ட் ஆனபிறகு சுமார் 5 லட்சம், சிலருக்கு அதுக்கும் மேல.

மூணு வருஷம் ஃபெலோவா இருந்தா வருஷத்துக்கு 2.25 லட்சம் வீதம் 6.75 லட்சம் விட்டுக் கொடுக்கிறோம். அப்புறம் வருஷம் 2 லட்சம் கூடுதலா வருது. மூணரை வருஷத்துல சரியாகிடும். அங்கே வரி படிப்படியா ஏறும்கிறதால, வரி போக கணக்குப் பார்த்தா நாலு வருஷத்துக்குப் பக்கம்.

முதல் தடவை கிடைக்காம, ஒரு வருஷம் சீஃப் ரெசிடென்ட்டா இருந்து மறுபடி விண்ணப்பிச்சா? ரெசிடென்ட் சம்பளத்துல இன்னும் ஒரு வருஷம். விட்டுக் கொடுக்கிறது 9 லட்சம், மீட்க நாலரை வருஷம். அதாவது தோல்வியோட விலை, முப்பது வருஷத் தொழில்ல ஒரு வருஷத்துச் சொச்சம். போன்ல இந்த இடத்துலதான் தம்பி குரல் கொஞ்சம் தெளிஞ்சது.

"ஒரு வருஷம் மட்டும் ஹாஸ்பிட்டலிஸ்டா 3 லட்சம் சம்பாதிச்சுட்டு வர்றேனே?" கிரீன் கார்டு இருக்கிறவங்களுக்கு அது நல்ல வழி. ஜே-1 விசாவில் இருக்கிறவனுக்கு இல்லை. ஜே-1 டாக்டர் பயிற்சி முடிஞ்சதும் ரெண்டு வருஷம் சொந்த நாட்டுக்குப் போகணும், இல்லைன்னா விலக்கு வாங்கணும். அதுக்கான கான்ராட் 30 திட்டத்துல ஒரு மாநிலத்துக்கு வருஷம் 30 இடம். டாக்டர் பற்றாக்குறை இருக்கிற பகுதியில் மூணு வருஷம் வேலை பார்க்கணும். அந்த விலக்கை வாங்கிட்டா திரும்ப ஜே-1 ல பயிற்சிக்கு வர முடியாது, எச்-1பி கொடுக்கிற புரோகிராமைத்தான் தேடணும். எல்லா இடத்துலயும் அது கிடைக்காது. 3 லட்சம் சம்பளத்தைப் பார்த்து கையெழுத்துப் போட்டா, கார்டியாலஜிக் கதவு பாதி சாத்தின மாதிரி.

சீஃப் வருஷத்துக்கும் ஒரு விலை இருக்கு. ஜே-1 ல டாக்டர் பயிற்சிக்குப் பொதுவா மொத்தம் 7 வருஷம்தான். மூணு, ஒண்ணு, மூணு: ஏழும் தீர்ந்து போச்சு. இன்டர்வென்ஷனலுக்கு வேணும்கிற எட்டாவது வருஷம் அந்த விசாவில் இல்லை. தம்பிக்கு ஸ்டென்ட் வைக்கிறதுலதான் ஆசை. அதைச் சொன்னப்ப கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்லை. அப்புறம், "பரவால்லக்கா, ஹார்ட் ஃபெய்லியர் பேஷண்ட்டைப் பார்க்கிறதும் பிடிக்கும்"னான்.

நல்லவேளை, சீஃப் பதவிக்கு அவன் பெயரை ஆஸ்பத்திரியில் முன்னாடியே சொல்லியிருந்தாங்க. பிப்ரவரியில் ஒரு பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஹார்ட் ஃபெய்லியர் வார்டுல எலெக்டிவ் போனான். அங்கே இருந்த சீனியர் டாக்டர் கடிதமும் எழுதினார், ரெண்டு இடத்துக்கு போனும் பண்ணினார். இன்டர்வியூ எல்லாம் வீடியோவில்தான், அதனால விமானச் செலவு இல்லை.

விருப்பப் பட்டியல் கொடுக்கிறப்ப, "எனக்குக் கிடைக்கிற மாதிரி இடத்தை முதல்ல போடவா?"ன்னு கேட்டான். வேண்டாம்னேன். இந்தப் பொருத்தும் முறை பத்தின ஆராய்ச்சிக்காகத்தான் ஆல்வின் ராத், லாயிட் ஷாப்லி ரெண்டு பேருக்கும் 2012 ல பொருளாதார நோபல் கிடைச்சது. இதுல மேலே பெரிய இடத்தைப் போட்டு அது கிடைக்காட்டியும், கீழே போட்ட இடத்துல உங்க வாய்ப்பு குறையாது. மனசுல இருக்கிற வரிசையை அப்படியே எழுதலாம்.

பட்டியல்ல நாலாவதா எழுதின இடம் கிடைச்சது. இந்த ஜூலையில் சேர்ந்துட்டான். சித்தி நகையை மீட்க மாசம் 600 டாலர் அனுப்புறான், இன்னும் பதினோரு தவணை பாக்கி. அவனோட பழைய சேவிங்ஸ் அக்கவுண்ட்டை இன்னும் என்.ஆர்.ஓ.வா மாத்தலை. அதுக்குத்தான் இந்த வாரம் என்கிட்ட திட்டு வாங்கினான்.