மருந்துக்கு அஞ்சாத கிருமிகள்

ஐப்பசி மாதத்து அடைமழை பிடித்துக்கொண்டால், எங்கள் காட்டுப்பாக்கத்தில் மழைநீரும் சாக்கடை நீரும் கைகோத்துக்கொண்டு தெருவில் உலா வரும். எந்தக் குழாயில் எந்த நீர் கலந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு வருஷங்களுக்கு முன் அத்தகைய மழைக்காலம் ஒன்றில், என் 12 வயதுப் புதல்வனுக்கு ஜுரமும் வயிற்று வலியும் கண்டன.

நான் பட்டதாரி; பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் போதிக்கிறவன். ஆகவே வைத்தியரிடம் போக வேண்டிய அவசியம் எனக்குத் தோன்றவில்லை! அலமாரியைத் திறந்தேன். முந்தின வருஷம் எனக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது வாங்கிய சிப்ரோபிளாக்சசின் மாத்திரைகளில் நான்கு மிச்சமிருந்தன. அவற்றை இரண்டு நாட்களுக்குக் கொடுத்தேன். "டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன?" என்றாள் என் மனைவி. "இதற்கெல்லாமா?" என்றேன். ஜுரமோ நாளுக்கு நாள் ஏறியது. ஏழாம் நாள், தலை நிமிர்த்த முடியாமல் துவண்டு கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

இரத்தத்தை எடுத்து, அதிலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். டைபாயிடு என்று தெரிந்தது. எந்த மருந்துக்கு அக்கிருமி சாகும், எதற்குச் சாகாது என்று ஒரு ஜாபிதாவும் வந்தது. அதில் சாகாத மருந்துகளின் வரிசையில் சிப்ரோபிளாக்சசின் இருந்தது. பிறகு பல நாட்கள் ஊசி மூலம் வேறு மருந்து ஏற்றிய பின்னரே பையன் பிழைத்து எழுந்தான்.

"வாத்தியார் சார், இந்தக் கிருமி உங்கள் நான்கு மாத்திரையால் இப்படி ஆகிவிடவில்லை. உங்கள் பிள்ளையின் வயிற்றுக்குள் புகும்போதே தேறித்தான் வந்திருக்கிறது. ஆனால் அது தேறியது எங்கே தெரியுமா? உங்களைப் போல் அலமாரியைத் திறந்த லட்சம் பேருடைய வயிற்றில்!" என்றார் வைத்தியர்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. அன்று முதல் இவ்விஷயத்தைத் தேடிப் படித்து வருகிறேன். படித்ததில் சிலவற்றை நேயர்களுடன் பகிர்ந்துகொள்வது என் கடமை என்று நினைக்கிறேன்.

பரீட்சையும் காப்பியடித்தலும்

கிருமிகள் அதிவேகமாகப் பெருகும். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற கிருமி, சௌகரியமான சூழ்நிலை கிடைத்தால் சுமார் 20 நிமிஷங்களில் ஒன்று இரண்டாகிவிடும். இவ்விதம் பெருகும்போது அவற்றின் மரபுப் பொருளில் தற்செயலாகச் சிறு பிழைகள் நேர்கின்றன. எங்கோ ஒரு கிருமிக்கு அந்தப் பிழையே கவசமாக அமைந்துவிடுகிறது. மருந்து வரும்போது மற்றவை மடிகின்றன. கவசம் பெற்றது பிழைக்கிறது. காலியான வீட்டில் அதன் சந்ததி குடியேறுகிறது. மருந்து என்பது கிருமிகளுக்கு ஒரு பரீட்சை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசியமில்லாத போதெல்லாம் நாம் பரீட்சை வைத்தால், தேறியவர்களின் கூட்டம்தான் ஊரில் பெருகும்.

இதைவிட விபரீதம் ஒன்று உண்டு. கிருமிகள் காப்பியடிக்கின்றன! ஒரு கிருமி தன்னிடமுள்ள விடையைப் பக்கத்துக் கிருமிக்கு அப்படியே கொடுத்துவிடும். பக்கத்தில் இருப்பது வேறு ஜாதிக் கிருமியானாலும் தடையில்லை.

இதற்கு உதாரணம் தேடித் தூர தேசம் போக வேண்டாம். 1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நம் சென்னையிலே ஒரு புதுவகை வாந்திபேதி தோன்றியது. அதுவரை காலராக் கிருமியில் ஓ1 என்ற இனம் மட்டுமே கொள்ளைநோயாகப் பரவும் என்று விஞ்ஞானிகள் நம்பியிருந்தார்கள். புதிதாக வந்ததோ ஓ139. பழைய காலராவைக் கண்டு எதிர்ப்புச் சக்தி பெற்றிருந்த பெரியவர்களையும் அது விடவில்லை. சில மாதங்களுக்குள் கல்கத்தாவுக்கும் வங்காள தேசத்துக்கும் பரவியது. சென்னையில் கிடைத்த அக்கிருமியை ஆராய்ந்தபோது, அதனுள் ஒரு மரபுத் துண்டு இருக்கக் கண்டார்கள். சல்பாமெத்தாக்சசோல், டிரைமெத்தோபிரிம், குளோராம்பெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகிய நான்கு மருந்துகளுக்கும் விடை அந்த ஒரே துண்டில் அடங்கியிருந்தது. ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் சக்தியும் அதற்கு உண்டு. 1996-இல் அதற்கு எஸ்.எக்ஸ்.டி. என்று பெயரிட்டார்கள். அதன் இனத்தைச் சேர்ந்த துண்டுகள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல காலராக் கிருமிகளில் இன்று குடியிருக்கின்றன.

வந்த மருந்தும் போன மருந்தும்

டைபாயிடின் சரித்திரமும் இதுவே. 1948-இல் மலாயாவில் குளோராம்பெனிகால் கொடுத்து டைபாயிடு நோயாளிகளைக் குணப்படுத்தினார்கள். அதே வருஷத்தில்தான், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற நம் எல்லாப்ரகட சுப்பாராவின் தலைமையில் நடந்த ஆராய்ச்சியின் பலனாக ஆரியோமைசின் உலகுக்குக் கிடைத்தது. மனித குலம் வெற்றி பெற்றுவிட்டது என்று தோன்றிய காலம் அது. ஆனால் பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், 1945-இல் நோபல் பரிசு பெற்றபோதே எச்சரித்திருந்தார்: போதாத அளவில் மருந்தை உண்டால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று.

அவ்வாறே நடந்தது. 1972-இல் கோழிக்கோட்டில் குளோராம்பெனிகாலுக்கு அடங்காத டைபாயிடு கிளம்பியது. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பழைய மருந்துகள் பலவற்றுக்கும் சேர்ந்தாற்போல் அடங்காத கிருமி பரவியது. அதற்கு மாற்றாக வந்த சிப்ரோபிளாக்சசினும் தன் வலிமையைப் பெரிதும் இழந்தது. 2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் கிளம்பிய டைபாயிடு, ஊசி மருந்தான செப்ட்ரியாக்சோனுக்கும் மசியவில்லை.

2010-இல் நம் மானத்தைத் தொட்ட ஒரு சம்பவமும் நடந்தது. மிகக் கடுமையான மருந்துகளையும் சிதைக்கும் ஒரு நொதிப்பொருளுக்குப் புதுடில்லியின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். அது பரவிய இடங்களைக் கூறிய ஆராய்ச்சியில் சென்னைக் கிருமிகள் 44 இடம்பெற்றன. தலைநகரின் பெயரை ஏன் இழுத்தார்கள் என்று தேசமெங்கும் கோபம் எழுந்தது. கோபம் நியாயமானதே. ஆயினும் 2011-இல் டில்லியில் தேங்கிய நீரில் 171 மாதிரிகளைச் சோதித்ததில் 51-லும், குழாய் நீரில் 50-க்கு 2-லும் அதே மரபணு இருந்தது. பெயரை மாற்றினால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா?

நாம் வாளாவிருக்கவும் இல்லை. 2012-இல் வைத்திய சங்கங்கள் கூடிச் சென்னைப் பிரகடனம் என்ற திட்டத்தை வகுத்தன. 2014 மார்ச் முதல், முக்கியமான பல கிருமிக்கொல்லி மருந்துகளை விற்கும் கடைக்காரர், மருந்துச் சீட்டு எழுதியவரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஆனால் சட்டம் கடை வாசல் வரையில்தான் வரும். நம் வீட்டு அலமாரிக்குள் வராது.

வீட்டில் செய்யத்தக்கவை

சாதாரண வயிற்றுப்போக்கில் பெரும்பாலானவற்றுக்குக் கிருமிக்கொல்லி மருந்தே வேண்டியதில்லை. உயிரைக் குடிப்பது உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுவதுதான். 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே எண்ணற்ற காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார். கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் நல்லது. அது இல்லாதபோது, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். மலத்தில் இரத்தம் கண்டாலும், ஜுரம் நீடித்தாலும், குழந்தை சோர்ந்தாலும் வைத்தியரிடம் போக வேண்டும். அவர் மாத்திரை கொடுத்தால், சொன்ன அளவில் சொன்ன நாள் வரையில் உண்ண வேண்டும். ஒருவருடைய மிச்சம் இன்னொருவருக்கு ஆகாது. நீரைக் காய்ச்சுவதும், சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், டைபாயிடுக்குத் தடுப்பூசி போடுவதும் மருந்தின் தேவையையே குறைக்கும்.

இப்போதும் மழை பெய்கிறது. என் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து நனைந்து வந்து, "அப்பா, அடுப்பில் தண்ணீர் காய்கிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் புத்தகப் பையை இறக்குகிறான். அலமாரியில் மிச்ச மாத்திரை ஏதும் இல்லை. அந்த இடத்தில் இரண்டு உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் இருக்கின்றன.