பாலையில் இளவேனில்

“பாலைவனத்திலே திருவிழாவா? மணலையும் ஒட்டகத்தையும் தவிர அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?” என்று வீட்டில் கேட்டார்கள். பங்குனி மாதமோ பரீக்ஷை மாதம். விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்க வேண்டிய உபாத்தியாயர் ஒருவர், ஹோலி பார்க்க ராஜஸ்தானத்துக்குப் போகிறேன் என்று விண்ணப்பம் எழுதினால், தலைமையாசிரியர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். பார்த்தார். இருந்தாலும் பத்து நாள் லீவு கொடுத்தார். சில ஆண்டுகளுக்கு முன் நடந்த அந்த யாத்திரையைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தோம்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குப் பாலையும் இளவேனிலும் சேர்ந்து வருவதில் ஆச்சரியம் இருக்கக் கூடாது. பாலைத் திணைக்கு வேனிற் காலமும் பின்பனிக் காலமும் உரியவை என்று தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். ஆண்டுதோறும் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறோம். ஆனால் வேனில் என்றால் கொளுத்தும் வெயில் என்ற அளவிலேயே நம் மனத்தில் பதிந்திருந்தது. பாலைக்கும் ஓர் இளவேனில் உண்டு. அது இரண்டு கொடுமைகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட சில வாரங்கள். அந்தச் சில வாரங்களுக்குள் ஒரு வருஷத்துச் சந்தோஷத்தையும் அனுபவித்துத் தீர்த்துவிட வேண்டும் என்று அந்த ஜனங்கள் துடிக்கிறார்கள். இதெல்லாம் தார்ப் பாலைவனத்து மணலில் நின்றபோதுதான் விளங்கிற்று.

தை மாதத்து இரவில் அங்கே குளிர் எலும்பைத் துளைக்கும். வைகாசியில் வெயில் 45 டிகிரியைத் தாண்டிப் போகும். ஜைசல்மேரில் வருஷம் முழுதும் பெய்யும் மழை சராசரி 20 சென்டிமீட்டர் அளவுதான். சென்னையில் ஒரு நல்ல ஐப்பசி வாரத்தில் பெய்துவிடக்கூடிய மழை அது. மாசி பிற்பாதியிலிருந்து பங்குனி முடியும் வரையில்தான் காற்று இதமாக இருக்கிறது. அப்போது ரோஹிடா மரம் இலை தெரியாமல் பூக்கிறது. மஞ்சளும் செம்மஞ்சளும் சிவப்புமாக ஒரே மரம் தூரத்து மணல்மேட்டில் விளக்கேற்றி வைத்ததுபோல் நிற்கிறது. கேஜ்ரி என்று அவர்கள் கொண்டாடும் மரம் வேறொன்றுமில்லை, நம் கோவில்களில் ஸ்தல விருட்சமாக நிற்கும் வன்னி மரமேதான். அதன் காயை ‘ஸாங்ரி’ என்று பறித்து உலர்த்தி, ‘கேர்’ என்ற சிறு காயோடு சேர்த்துக் கறி சமைக்கிறார்கள். வன்னியைச் சுற்றி வந்து கும்பிடத் தெரிந்த நமக்கு, அதைச் சாப்பிடவும் செய்யலாம் என்பது தெரியாமல் போயிற்று!

இந்த வசந்தம் ஹோலிப் பண்டிகையோடு தொடங்குகிறது. ஹோலியன்று நாம் கண்டதைக் கடைசியில் சொல்லுவதாக இருக்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. முதலில் ஹோலிக்கு மறுநாள் காலையில் ஆரம்பிக்கும் பெண்கள் விழாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம்.

அதற்குக் கணகௌர் என்று பெயர். ஹோலி நெருப்பு அணைந்ததும், கன்னிப் பெண்கள் அந்தச் சாம்பலை எடுத்து வந்து உருண்டைகளாகப் பிடித்து வைக்கிறார்கள். சிறு மண் சட்டிகளில் கோதுமையோ வாற்கோதுமையோ விதைத்துத் தினந்தோறும் தண்ணீர் தெளிக்கிறார்கள். இதைப் பார்த்ததும் நமக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. நம் மாரியம்மன் கோவில் முளைப்பாரி எங்கே, மார்வாட் தேசம் எங்கே! இளம்பச்சை நிறத்தில் முளை எழும்ப எழும்ப, ஈசரும் கௌரியுமாகிய மர பொம்மைகளுக்குப் பூஜை நடக்கிறது. கன்னிப் பெண்கள் நல்ல கணவன் வேண்டியும், மணமானவர்கள் கணவனின் நலம் வேண்டியும் நோற்கிறார்கள். புதிதாக மணமான பெண்கள் பதினாறு நாளும் விடாமல் நோற்க வேண்டும். விடியற்காலையில் பாடிக்கொண்டே தண்ணீரும் புல்லும் பூவும் சேகரிக்கப் போகும் அந்தக் கூட்டத்தைக் கண்டால், மார்கழியில் பாவை நோன்பு நோற்கும் நம் பெண்கள் தலைப்பாவாடைக் கோலத்தில் வந்துவிட்டார்களோ என்று தோன்றும்.

சித்திரை மாதத்து வளர்பிறைத் திருதியையில் விழா நிறைவு பெறுகிறது. (அவர்களுடைய சித்திரை நம் பங்குனியிலேயே பிறந்துவிடுகிறது.) அன்று கௌரியை நீர்நிலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பாலைவனத்தில் நீர்நிலைக்கு எங்கே போவது? பல ஊர்களில் கிணற்றங்கரைக்குத்தான் கௌரி போகிறாள். ஜைசல்மேரில் கடீஸர் என்ற ஏரி இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் கட்ஸீ ராவல் என்ற அரசரின் பெயரால் விளங்கியது; பல நூற்றாண்டுகள் அந்த நகரம் முழுதும் அதிலிருந்தே தண்ணீர் குடித்தது. ஜைசல்மேரின் ஊர்வலத்தில் கௌரி மட்டும் தனியாகவே போகிறாளாம். ஈசரைப் பிகானேர்க்காரர்கள் ஒரு காலத்தில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அந்தக் கதையை நமக்குச் சொன்ன கடைக்காரர், போன வாரம் நடந்த திருட்டைச் சொல்லுவதுபோல் ஆத்திரத்தோடு சொன்னார். ஊர்வலத்தைப் பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. அதற்கு முன்பே லீவு முடிந்துவிட்டது.

கௌரி தனியாகப் போவதில் ஒரு பொருத்தம் இருப்பதாகவே நமக்குப் பட்டது. பாலைத் திணையின் உரிப்பொருள் பிரிவு அல்லவா? பொருள் தேடப் போன கணவனை எண்ணி வாடும் பெண்ணின் குரலே அந்தப் பிரதேசத்துப் பெண்கள் பாட்டில் பாதி. போனவர்கள் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும், நம் சென்னைச் சௌகார்பேட்டைக்கும் போனார்கள். குளிர்காலத்தில் பலோதிக்கு அருகிலுள்ள கீசன் கிராமத்தில் ஆயிரக்கணக்கான ‘குர்ஜாங்’ கொக்குகள் வந்து தங்குகின்றன. ஊரார் தானியம் போட்டு ஆதரிக்கிறார்கள். பங்குனி வாக்கில் அவை வடக்கே புறப்பட்டுவிடும். அந்தப் பறவையைத் தூது விடும் பாட்டு மார்வாட் முழுதும் பிரசித்தம். அன்னத்தையும் நாரையையும் தூது விட்ட தமிழர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஹோலிக்கு ஏழு எட்டு நாளில் சீதளா தேவிக்கு விசேஷம். அம்மை நோயின் தெய்வம் அவள். அன்று எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டுவதில்லை. முதல் நாள் சமைத்த ஆறிய உணவைத்தான் படைத்து உண்கிறார்கள். நம் ஊரில் அம்மனுக்குக் கூழும் மோரும் வார்ப்பதுபோல அங்கே கம்பும் மோரும் சேர்ந்த ‘ராப்’. பாலோத்ரா வட்டாரத்தில் கானானா என்ற ஊரிலே அந்த நாளில் ‘கேர்’ ஆட்டம் மிகச் சிறப்பு. (சாப்பிடும் கேர் வேறு, ஆடும் கேர் வேறு. ஒலிப்பிலே வேறுபாடு உண்டு. நம் எழுத்தில் காட்ட வழியில்லை.) கணுக்கால் வரை சுழலும் ‘ஆங்கி’ என்ற பாவாடை போன்ற அங்கியை ஆடவர்கள் அணிந்து, கையில் நீண்ட கோல் பிடித்து, கட்டிய சலங்கை ஒலிக்க, வட்டம் வட்டமாகச் சுற்றி ஆடுகிறார்கள். நடுவே பெரிய டோல். அதற்கு ஒத்தாக வெண்கலத் தட்டு. நம் கோலாட்டத்தை நூறு மடங்கு பெரிதாக்கி, அதற்கு மீசையும் வைத்தால் எப்படி இருக்கும் என்று நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பிகானேர் நகரத்துத் தெருச் சதுக்கங்களில் ஹோலிக்கு முந்திய இரவுகளில் ‘ரம்மத்’ என்ற தெருக்கூத்து விடிய விடிய நடக்கிறது. அதைப் பற்றித் தனியே ஒரு கட்டுரைதான் எழுத வேண்டும்.

இனி, கடைசியில் சொல்லுவதாக வைத்திருந்ததற்கு வருவோம்.

ஹோலியன்று ஜைசல்மேரை அடுத்த ஒரு சிற்றூரில் இருந்தோம். அங்கே ஒரு பாட்டி ராஜபுத்திரர் வீட்டில் அவ்வருஷம் ஆண் குழந்தை பிறந்திருந்தது. குழந்தைக்கு வரும் முதல் ஹோலியில் ‘டூண்ட்’ என்ற சடங்கு செய்கிறார்கள். ஊர் ஆடவர்கள் கோல்களுடன் கூட்டமாக வந்து, குழந்தையை மடியில் வைத்திருப்பவரின் தலைக்கு மேலே கோலோடு கோல் தட்டி வாழ்த்துகிறார்கள். குழந்தை அழுகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள், வெல்லம் வழங்கப்படுகிறது. இத்தனைக்கும் நடுவே, வாசலில் ஓரமாக ஒரு முதியவர் ‘கமாய்ச்சா’ என்ற வாத்தியத்தை மடியில் சாய்த்து வில்லால் இழைத்துக்கொண்டிருந்தார். ஆட்டுத்தோல் போர்த்திய உருண்டைக் குடம். பிடில் போல் கீச்சிடாமல், தொண்டை கனத்த ஒரு மனிதன் பேசுவதுபோன்ற நாதம். பக்கத்தில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பேரன் இரண்டு கைகளிலும் ‘கட்தால்’ கட்டைகளை வைத்து மழைத்துளி விழுகிற வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தான். முதியவர் அந்த வீட்டின் வம்சாவளியை, இன்னார் மகன் இன்னார் என்று, தலைமுறை தலைமுறையாகப் பாடினார். கடைசியில் அன்று கோல் நிழலில் அழுத குழந்தையின் பெயரையும் சேர்த்துப் பாடி முடித்தார்.

பாடியவர் முஸ்லிம். மாங்கணியார் என்ற வகுப்பினர். பாடப்பெற்றவர்கள் இந்துக்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு, பண்டிகை எதுவானாலும் இவர் பாடாமல் அந்த வீட்டில் மங்களம் இல்லை. அவர்கள் கொடுக்கும் தானியமும் ஆடும் துணியும் இல்லாமல் இவர் வீட்டில் அடுப்பு எரிந்ததில்லை. இப்படியே பல தலைமுறைகள். பாணர்களைப் பற்றிப் புறநானூற்றில் படித்திருந்தோம். உயிரோடு பார்த்தது அன்றுதான்.

இந்த உறவை ஆராய்ந்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் கோமல் கோட்டாரி (1929–2004). 1960-இல் போருந்தா கிராமத்தில் எழுத்தாளர் விஜயதான் தேதாவுடன் சேர்ந்து ரூபாயன் சன்ஸ்தான் என்ற நிலையத்தை நிறுவி, வீடு வீடாகப் போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்தார். புரவலன் பாணனைத் தள்ளிவிட முடியாது, பாணன்தான் புரவலனைத் தள்ளிவிடலாம் என்ற விசித்திரமான வழக்கத்தை அவர் எடுத்துக் காட்டினார். அவமானம் பொறுக்காத பாணன் தன் வாத்தியத்தின் நரம்புகளைக் கழற்றிப் புரவலன் வாசலில் புதைத்துவிடுவானாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பெண் கொடுக்கவும் எடுக்கவும் யாரும் வரமாட்டார்களாம்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று நாம் கண்ட இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. எங்களுக்கெல்லாம் பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. பாடியவருக்குத் தனியே வைத்திருந்த ஒரு குவளையில் வந்தது. அவரும் அதை எதிர்பார்த்தவர்போலவே வாங்கிக்கொண்டார். மாங்கணியார் என்ற பெயருக்கே ‘யாசிப்பவர்’ என்று பொருள் சொல்லுகிறார்கள். 2017-ஆம் ஆண்டு நவராத்திரியில் அதே மாவட்டத்து வேறொரு கிராமத்தில், பாட்டு சரியில்லை, அதனால் தேவி இறங்கவில்லை என்று சொல்லி ஒரு பாடகரை அடித்துக் கொன்றுவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. அவருடைய உற்றார் உறவினர் பலர் அஞ்சி, ஊரைவிட்டு வெளியேறி, ஜைசல்மேர் நகரில் தஞ்சம் புகுந்தார்கள். வாத்திய நரம்பைப் புதைக்கும் உரிமை அவர்களைக் காப்பாற்றவில்லை.

மறுபுறம், மேடை வந்துவிட்டது. ஹமீரா கிராமத்துக் கமாய்ச்சா மேதை சாகர் கானுக்கு 2012-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஸாரங்கி வித்துவான் லாக்கா கானுக்கு 2021-இல் கிடைத்தது. மாசி மாதப் பௌர்ணமியை ஒட்டி ஜைசல்மேரில் சர்க்கார் நடத்தும் பாலைவன உற்சவத்தில், தலைப்பாகை கட்டும் போட்டி, மீசைப் போட்டி இவற்றுக்கு நடுவே இவர்களுடைய பாட்டும் உண்டு. ஸம் மணல்மேடுகளில் வரிசை வரிசையாகக் கூடாரங்கள். இரவுதோறும் அங்கே பாட்டு. யாத்திரிகர்கள் கைதட்டுகிறார்கள், பணம் கொடுக்கிறார்கள், எல்லோரும் ஒரே மாதிரிக் கோப்பையில் தேநீர் குடிக்கிறார்கள். இது சாமானியமான லாபம் என்று நாம் நினைக்கவில்லை. ஆனால் கூடாரத்தில் யாருடைய வம்சாவளியைப் பாடுவது? அங்கே கேட்பது எப்போதும் அதே நாலைந்து பாட்டு. குழந்தை பிறந்தால் பாடும் பாட்டுக்கு அங்கே இடமில்லை.

டூண்ட் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு முதியவரோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். நாம் உபாத்தியாயர் என்று தெரிந்ததும் பேரனை முன்னால் தள்ளினார்.

“மாஸ்டர்ஜி, இவன் எட்டாவது படிக்கிறான். கூடாரத்தில் இரவு வெகுநேரம் ஆகிவிடுகிறது. காலையில் பள்ளிக்கூடத்தில் தூங்குகிறான். வாத்தியார் அடிக்கிறார். நிறுத்திவிட்டால் கை போய்விடும். போகவிட்டால் படிப்பு போய்விடும். நீங்கள் சொல்லுங்கள்.”

இருபது வருஷமாகப் பெற்றோர்களுக்கு யோசனை சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் நமக்கு. அன்று ஒன்றும் வரவில்லை. “பரீக்ஷை எப்போது?” என்று மட்டும் பையனைக் கேட்டோம்.

“திங்கட்கிழமை. கணக்கு” என்றான்.

அதற்குள் ஸம் கூடாரத்திலிருந்து ஜீப் வந்து, ஹாரன் அடித்தது. முதியவர் கமாய்ச்சாவைப் பழைய போர்வையொன்றில் சுற்றிக்கொண்டு முன்னால் ஏறினார். பையன் பின்னால் ஏறி உட்கார்ந்தான். கட்தால் கட்டைகளை இடுப்பில் செருகிக்கொண்டு, மடியில் கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தான். வண்டி மணலில் திரும்பும் வரை அவன் தலை நிமிரவில்லை.