கடைமடை ஏரியும் ஊரார் உழைப்பும்

1934-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கல்லணைக் கால்வாயின் கடைமடை, கட்டுமாவடி வட்டாரத்து மும்பாலை ஏரியாம். மேல்மடையில் நீர் சுருங்கின் முதலில் வாடுவது இப்பகுதிப் பயிரே. கடலோரமாதலால், ஏரி வறண்டால் கிணற்றிலும் உவர் ஏறக்கூடும்.

2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளை வீழ்த்தியபின், அண்டையிலுள்ள பேராவூரணியில் இளைஞரும் விவசாயிகளும் மனந்தளராது பொருள் திரட்டி, 2019-இல் பெரியகுளத்தைத் தூர் வாரினர், மரக்கன்றும் நட்டனர்.

இவ்வழியைப் பின்பற்ற விரும்பும் ஊரார், எல்லையை அளப்பித்து உத்தரவு பெற்ற பின்னரே வேலை தொடங்கவேண்டும். கரையடி மண்ணைத் தோண்டலாகாது. வண்டலை வயலுக்கு அடித்தல் நலம். கரை செவ்வையாயின், மாலையில் உலாவவும் நீர்ப்பறவைகளைக் கண்டு களிக்கவும் அதுவே ஊருக்குப் பூங்காவாகும். அங்ஙனம் நாள்தோறும் கரையில் நடப்போர் கண்ணுக்கே உடைப்பு முதலில் புலப்படும்.