காது பழகுவதில்லை

ஆடி வெள்ளி என்றால் படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் கூட்டம். கூட்டம் என்றால் ஒலிபெருக்கி. ‘பத்து மணிக்கு மேல் போடாதே’ என்பார் ஒருவர், ‘வருஷத்துக்கு ஒரு தடவைதானே’ என்பார் இன்னொருவர். இதற்குச் சட்டம் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை மாநில அரசு தளர்த்தலாம். ஆனால் புகார் சொல்கிறவரைப் பற்றிக் கவலைப்பட அவ்வளவாக ஒன்றுமில்லை, அவர் காது நன்றாக இருக்கிறது. ‘எங்களுக்குப் பழகிப்போச்சு’ என்கிறவரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்.

உட்செவியின் நத்தைக் கூட்டில், காதுக்கு ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஆரணிப் பட்டின் பாவு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்: ஒவ்வோர் இழைக்கும் ஒரு இடம், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சுருதி. பாவில் இழை அறுந்தால் நெசவாளர் முடிச்சுப் போட்டுவிட்டுத் தறியை ஓட்டுவார். இங்கே முடிச்சு கிடையாது, செத்த செல் செத்ததுதான். முதலில் அறுபடுவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து இழைகள். இரண்டரை சென்டிமீட்டர் செவிக்குழாய் ஒருபுறம் மூடிய புல்லாங்குழல்போல 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைப் பெருக்கி அனுப்ப, அடி அதற்குச் சற்று மேலே விழுகிறது. அதனால்தான் ‘கூப்பிட்டது கேட்டது, சொன்னது புரியவில்லை’ என்ற நிலை. குரல் வரும், பட்டுக்கும் பத்துக்கும் வேறுபாடு வராது. உவமையை இதற்கு மேல் இழுத்தால் அதுவும் அறுந்துவிடும். கோழிக்கு இந்தச் செல்கள் மீண்டும் முளைக்கும் என்று 1980களின் கடைசியில் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து ‘இழந்த செவி திரும்பும்’ என்ற செய்தி அடிக்கடி வருகிறது. அப்படிப் பேசப்பட்ட அமெரிக்க மருந்தொன்று 2023இல் சோதனையில் தோற்றது.

அப்படியானால் பழகுவது எது? மூளை. காதுக்கும் ஒரு காப்பு உண்டு: பலத்த சத்தம் வந்தால் நடுச்செவித் தசை ஒன்று அங்கவடி எலும்பை இழுத்துப் பிடிக்கும். ஆனால் அது இறுகுமுன், தறியின் ‘டக்’ உள்ளே போய்விடும். தறி வேலை முடிந்து காது மந்தமாகி, மறுநாள் காலையில் தெளிந்தால் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். 2009இல் ஆய்வாளர்கள் குஜாவாவும் லிபர்மனும் எலிகளில் காட்டியது வேறு: கேட்கும் திறன் திரும்பிய பிறகும், செல்லையும் நரம்பையும் இணைக்கும் முனைகளில் கணிசமான பகுதி போயிருந்தது. வரலாறு வேண்டுவோருக்கு, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரச் சணல் நெசவுப் பெண்களிடம் நடத்தி 1965இல் வெளியான ஆய்வு இருக்கிறது. வேலையின் முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலேயே 4,000 ஹெர்ட்ஸ் இழப்பின் பெரும்பகுதி நேர்ந்துவிடுகிறது.

‘தறிச் சத்தம் இல்லாத நெசவாளர் தெருவா? பம்பையும் உடுக்கையும் தலைமுறை தலைமுறையாக இல்லையா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கைத்தறியில் நாடா ஓடி, பலகை தட்டி, பிறகு ஒரு இடைவெளி. நெய்பவரின் கையும் காலும் களைத்தால் சத்தமும் களைக்கும். பள்ளிபாளையம், சோமனூர் விசைத்தறிக்கூடங்களில் ஒவ்வொரு தறியும் நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் அடிக்கிறது, தறிகளோ வரிசை வரிசையாக. 90 டெசிபல் தாண்டுவது அங்கே சாதாரணம். பம்பைக்காரர் காதுக்கும் ஆபத்து உண்டுதான். ஆனால் திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும் என்பதால் ஊர் தப்பித்தது. கம்பத்துக்கு ஒரு ஒலிபெருக்கிக் குழாய் கட்டும்போது அந்தத் தூரத்தைத்தான் பறித்துக்கொள்கிறோம்.

கைபேசிச் செயலி காட்டும் டெசிபலை அப்படியே நம்ப வேண்டாம். கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டுமென்றால், அந்த இடம் ஏறக்குறைய 85 டெசிபலைத் தாண்டிவிட்டது. அங்கே நாள் முழுக்க நிற்பவர் காதில் வெறும் பஞ்சு வைத்துக்கொள்வதில் பெரிய பயன் இல்லை. மருந்துக் கடையில் விற்கும் நுரை அடைப்பானை நசுக்கி, காது மடலைப் பின்னுக்கு இழுத்து, ஆழமாகச் செருக வேண்டும்.