கவிஞர் ஜோங் ஜியோங்: ஜனன இல்லமும் இலக்கிய நிலையமும்

தென்கொரியாவின் ஓக்சோனில், 1902-ஆம் ஆண்டு கவிஞர் ஜோங் ஜியோங் ஜனித்த இடத்தில், வைக்கோல் வேய்ந்த இச்சிறு இல்லம் 1996-இல் மீண்டும் எழுப்பப்பெற்றது. பக்கத்திலுள்ள இலக்கிய நிலையம் 2005-இல் திறக்கப்பெற்றது.

உள்ளே செல்லுமுன், எதிரே ஓடும் ஓடையைச் சற்று நின்று பாருங்கள். ஜப்பானிய ஆட்சியில் தாய்மொழியே நலிந்துகொண்டிருந்த காலத்தில், ஜப்பானின் கியோட்டோவிலுள்ள தோஷிஷா சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் பயின்றுவந்த இவர், 1927-இல் பிரசுரமான ‘ஹியாங்சு’ என்னும் கவிதையில், ஓடையையும் எருதையும் வயோதிகத் தந்தையையும் வெறுங்காலோடு உழைக்கும் மனைவியையும், ஏட்டு நடையின் ஆடம்பரம் சிறிதுமின்றி, கிராமத்தார் நாவில் புழங்கிய கொரியச் சொற்களாலேயே நம் கண்முன் நிறுத்தினார். ஊரை நினைந்து உருகும் ஏக்கம் என்பதே அத்தலைப்பின் பொருள்.

தம் கவிதையோடு அவர் நின்றுவிடவில்லை. ‘முன்ஜாங்’ சஞ்சிகையின் வாயிலாக பாக் மொக்வோல், ஜோ ஜிஹூன், பாக் துஜின் ஆகிய இளைஞர்களை இலக்கிய உலகுக்கு அறிமுகம் செய்துவைத்தவரும் இவரே.

1950-இல் மூண்ட கொரிய யுத்தத்தில் கவிஞர் காணாமற்போனார். வடக்கே சென்றுவிட்டவர் என்று கருதப்பட்டமையால் அவருடைய நூல்கள் தென்கொரியாவில் தடைசெய்யப்பட்டன. அவர் பெயரைக் குறிப்பிட நேர்ந்தவர்களும் நடு எழுத்தை மறைத்தே அச்சிட்டார்கள். எத்துணைக் கொடுமை! 1988-இல் அத்தடை நீங்கிற்று. மறு ஆண்டே ‘ஹியாங்சு’ இசையமைக்கப்பெற்றுத் தேசமெங்கும் ஒலித்தது. இப்போது ஆண்டுதோறும் இவ்வூரார் அவர் பெயரை முழுமையாகச் சொல்லி விழா எடுக்கிறார்கள்.